ஆனித் தள்ளுபடி

தி.நகர் ஜவுளிக்கடைக்காரர்களுக்குக்கூட ஆடி பிறக்கும்வரை பொறுமை உண்டு. டெல்லிக்கு அதுவும் இல்லை. 2017-ஆம் வருஷம் ஆனி மாதத்திலேயே தள்ளுபடியை அறிவித்துவிட்டது. பாஸ்போர்ட் சட்டம் வந்து ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாட ஜூன் 23 அன்று விழா எடுத்தார்கள். எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் பாஸ்போர்ட் கட்டணத்தில் பத்து சதவீதம் குறைப்பு என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அறிவித்தார். பால் பல் விழாதவருக்கும் பொய்ப் பல் கட்டியவருக்கும் ஒரே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு.

36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பத்து சதவீதம் என்றால் 150. இன்னும் ஒரு ரூபாய் போட்டு 151 ஆக்கியிருந்தால் அறுபதாம் கல்யாணத்துக்கு அரசாங்கம் மொய் எழுதியதாக நோட்டில் ஏற்றி வைத்திருக்கலாம். கடைசியில் ஒற்றை ரூபாய் வைக்காமல் மொய் எழுதுகிறவனை எங்கள் ஊரில் பந்தியில் கடைசியாகத்தான் உட்கார வைப்பார்கள்.

ஆயிரமாக இருந்த கட்டணத்தை 2012 அக்டோபரில் ஆயிரத்து ஐந்நூறு ஆக்கியதும் இதே அரசாங்கம்தான். ஆட்சிதான் வேறு, கல்லாப்பெட்டி ஒன்று. ஐந்நூறை ஏற்றிவிட்டு ஐந்து வருஷம் கழித்து நூற்றைம்பதை இறக்குவதை எங்கள் தெரு மளிகைக்கடையில் செய்தால் அதற்கு வேறு பெயர்.

அதே மேடையில் இன்னொன்றும் சொன்னார்கள். பாஸ்போர்ட்டில் விவரங்கள் இனி இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும். ஆக, முதியோருக்கு நூற்றைம்பது ரூபாய் தள்ளுபடி, இந்தி இலவச இணைப்பு. சோப்பு வாங்கினால் டப்பா தருவார்களே, அந்த மாதிரி. டப்பா வேண்டாம், சோப்பின் விலையை இன்னும் கொஞ்சம் குறை என்று கேட்க வழியில்லை.

பெரியவர்களுக்கான பாஸ்போர்ட் பத்து வருஷம் செல்லும். நூற்றைம்பதைப் பத்தால் வகுத்தால் வருஷத்துக்குப் பதினைந்து ரூபாய். மாதத்துக்கு ஒன்றேகால். நாளைக்கு, தோராயமாக, நாலு காசு. பிள்ளை நாலு காசு பார்க்கட்டும் என்று கடல் தாண்டி அனுப்பி வைத்த பெற்றோருக்கு அரசாங்கம் தினம் நாலு காசு கொடுக்கிறது. சொல்லுக்குச் சொல் இவ்வளவு விசுவாசமாக ஒரு பழமொழியை நிறைவேற்றிய அரசாங்கம் வேறு இல்லை.

நிபந்தனையையும் பார்த்துவிட வேண்டும். இந்தச் சலுகை புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவருக்கு மட்டும். புதுப்பிக்க வந்தால் கிடையாது. அறுபதைத் தாண்டி, அதுவரை ஒரு தடவைகூட பாஸ்போர்ட் எடுக்காமல், திடீரென்று எடுக்கத் தோன்றியவருக்கு, ஆயுளில் ஒரே ஒரு முறை. அம்மை குத்துவதுபோல.

எங்கள் தெரு டர்னர் அண்ணனுக்கு அப்படித்தான் தோன்றியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாற்பது வருஷம் லேத் ஓட்டியவர். 1964-இல் தொடங்கிய அந்தப் பேட்டையில் அவர் கை படாத சந்து இல்லை. ஒரு கம்பெனி மூடினால் அடுத்தது, அது மூடினால் அதற்கடுத்தது. பி.எஃப். பிடித்த கம்பெனியும் உண்டு, பிடித்துவிட்டுக் கட்டாத கம்பெனியும் உண்டு. அதனால் பென்ஷன் மாதம் ஆயிரத்துச் சொச்சம். 1995 திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 2014 செப்டம்பரில் ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். அது இன்னமும் ஆயிரம்தான். ஏழாயிரத்து ஐந்நூறாவது கொடுங்கள் என்று நாடு முழுக்கப் பென்ஷன்காரர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சத்தம் டெல்லிக்குக் கேட்கவில்லை. வயசானவர்களின் குரல் கம்மிப்போனது யார் குற்றம்?

பென்ஷன் ஆயிரம், பாஸ்போர்ட் ஆயிரத்து ஐந்நூறு. ஒன்றரை மாதம் பட்டினி கிடந்தால் ஒரு குடிமகன் தான் இந்த நாட்டுக் குடிமகன்தான் என்று இந்த நாட்டிடமே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

மகள் அமெரிக்காவில். முழுகாமல் இருந்தாள். அம்மா வந்தால்தான் ஆச்சு. அம்மா தனியாக வர மாட்டாள், ஆகவே அப்பாவும் வர வேண்டும். 2017 ஜூலையில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அண்ணனையும் அண்ணியையும் நான்தான் கூட்டிப்போனேன். தள்ளுபடிச் செய்தியைப் பேப்பரில் படித்துச் சொன்னவனும் நான்தான். என் புத்தி.

பையன் கீபோர்டில் தட்டிக்கொண்டே கேட்டான். “சர்நேம் இன்னா அங்கிள்?”

“இனிஷியல்தாம்பா இருக்கு.”

“இனிஷியல்லாம் ஏத்துக்காது. விரிச்சுப் போடணும்.”

செத்து முப்பது வருஷம் ஆன அப்பாவின் பெயரை அண்ணன் எழுத்துக் கூட்டிச் சொன்னார். அமெரிக்காவில் போய் இறங்கினால் எல்லோரும் தன்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று அப்போது அவருக்குத் தெரியாது. பிறகு பிறந்த தேதி. பள்ளிக்கூட சர்ட்டிஃபிகேட்டை நீட்டினார். 1-6-1958.

அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு. அண்ணன் பிறந்தது ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டில். “ஆவடிக்கு நேரு வந்தப்ப நீ கைக்கொழந்தை” என்று அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நேரு வந்தது 1955 ஜனவரியில், காங்கிரஸ் மாநாட்டுக்கு. சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்களே, அந்த மாநாடு. அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததோ எட்டு வயதுக்கு மேல். வாத்தியார் தலையைத் தடவிப் பார்த்தார், ஐந்து வயசு என்று எழுதிக்கொண்டார், ஜூன் ஒன்று என்று முடித்தார். அந்தத் தலைமுறையில் பாதித் தமிழ்நாடு ஜூன் மாதத்தில்தான் பிறந்தது. சோஷலிஸ பாணியில் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது பிறந்த தேதி ஒன்றுதான்.

அண்ணிக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. ஆதார்தான். அதில் 01-01-1956. முகாமில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட வருஷம். நாலு பிரசவமும் பேட்டையின் வெயிலும் அந்த முகத்தில் ஏற்றிய வயசையும் சேர்த்துப் போட்டுவிட்டார். உண்மையில் அண்ணிக்கு அப்போது ஐம்பத்தெட்டு தாண்டியிருக்காது.

பையன் திரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். “அங்கிள், உங்களுக்கு டிஸ்கவுண்ட் வராது. ஆன்ட்டிக்கு வரும்.”

“அவ என்னைவிடச் சின்னவடா!”

“ஆதார்ல பெரியவங்க அங்கிள்.”

அறுபத்திரண்டு நிறைந்தவர் 1,500 கட்டினார். அறுபதைத் தொடாதவர் 1,350 கட்டினார். அண்ணி அன்று முழுக்கச் சிரித்த சிரிப்புக்கு நூற்றைம்பது கொடுத்தாலும் தகும், அது வேறு விஷயம். பையன் ஆளுக்கு இருநூறு வீதம் நானூறு வாங்கிக்கொண்டான். தள்ளுபடி அங்கேயே கரைந்து, மேற்கொண்டு இருநூற்றைம்பது கடன் நின்றது.

அண்ணி பத்தாவது படிக்கவில்லை என்பதால் இ.சி.ஆர். விழுமோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. இந்த இ.சி.ஆர். மகாபலிபுரம் போகிற ரோடு இல்லை. படிப்பில்லாத தொழிலாளியை வெளிநாட்டுக்கு ஏமாற்றி அழைத்துப்போய்விடக் கூடாதே என்று பாஸ்போர்ட்டில் வைக்கிற தடை. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது கிடையாது. ஐம்பது வயசு ஆயாவை எவன் வீட்டுவேலைக்கு ஏமாற்றிக் கூட்டிப்போவான் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். பெற்ற பெண்ணே கூட்டிப்போவாள் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. அங்கே போய் அண்ணி ஆறு மாதம் பத்தியச் சமையல் செய்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், துணி மடித்தார், பாத்திரத்தை மெஷினில் அடுக்கினார். விசாவில் எழுதியிருந்தது சுற்றுலா.

நேரம் கிடைத்தது நகரத்துக்குள் இருக்கும் ஒரு சேவா கேந்திரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அமைந்தகரையோ சாலிகிராமமோ தாம்பரமோ, எங்கே கிடைத்தாலும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரனுக்கு அது ஒரு யாத்திரைதான். சி.டி.எச். ரோட்டில் பாடியைத் தாண்டுவதற்குள் அண்ணனுக்கு இரண்டு முறை பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அந்த ரோட்டில் அதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு டீக்கடைக்காரர் மனசு வைத்தார். ஆட்டோவுக்குப் போக முந்நூற்றைம்பது. திரும்பி வருவதற்கு நான் சொல்லவில்லை.

உள்ளே நடந்ததை அண்ணன் வெளியே வந்து சொன்னார். கவுண்டரில் இருந்த பெண் தங்கமானவள். கைரேகை விழவில்லை. நாற்பது வருஷம் லேத்தில் சுடச்சுட இரும்புச் சீவலைத் தள்ளிய விரல்கள், கூலன்ட் தண்ணீரில் ஊறிய விரல்கள். வரி எல்லாம் தேய்ந்து வழவழவென்று கிடந்தன. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். “நெத்தியில தேய்ச்சுட்டு வைங்கப்பா” என்றாள். நெற்றி எண்ணெயில் தேய்த்து வைத்ததும் இரண்டு விரல் விழுந்தது. மற்ற விரல்களுக்கு இன்னும் நாலு தடவை. “இந்தக் கையில மைக்ரோமீட்டர் இல்லாமலே அளவு சொல்லுவேம்மா” என்றாராம் அண்ணன். மெஷினுக்கு அது தேவைப்படவில்லை.

இதற்கெல்லாம் யார் மேலும் கோபப்பட முடியவில்லை என்பதுதான் என் கோபம். வாத்தியார் நல்லவர். ஆதார்க்காரர் வேலையைச் செய்தார். பையன் அவனுடைய பிழைப்பைப் பார்த்தான். அந்தப் பெண்ணோ நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அத்தனை நல்லவர்களும் சேர்ந்து ஒரு கிழவரிடமிருந்து நூற்றைம்பது ரூபாயைக் காப்பாற்றி அரசாங்கத்திடம் பத்திரமாக ஒப்படைத்தார்கள்.

முதியோருக்கு ஏதாவது கொடு என்று யாராவது வாயைத் திறந்தால் ஒரு கேள்வி வரும்: செலவு எவ்வளவு ஆகும்? நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வருஷத்துக்குப் பத்து லட்சம் கிழவர்களும் கிழவிகளும் தடியை ஊன்றிக்கொண்டு முதல் பாஸ்போர்ட் கேட்டு வருகிறார்கள். ஆளுக்கு 150 வீதம் பதினைந்து கோடி ரூபாய். இது எவ்வளவு பெரிய தொகை என்று ஆவடிக்காரனிடம் கேளுங்கள், சொல்வான். 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு ஆர்டர் வந்தது, 7,523 கோடி ரூபாய்க்கு. டாங்கி ஒன்றுக்கு அறுபத்து மூன்று கோடிக்கு மேல். ஆக, பத்து லட்சம் முதியோருக்கு அரசாங்கம் காட்டக்கூடிய கருணை கால் டாங்கி. சங்கிலி ஒரு பக்கம், சக்கரம் இரண்டு. சுடாது, நகராது. டாங்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்கிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களும் ஒருநாள் அறுபதைத் தாண்டுவார்கள் என்றுதான் சொல்கிறேன்.

செலவில்லாத இடத்தில் கருணை. செலவாகும் இடத்தில்? ரயிலுக்கு வாருங்கள்.

அறுபது தாண்டிய ஆணுக்கு ரயில் கட்டணத்தில் நாற்பது சதவீதம், ஐம்பத்தெட்டு தாண்டிய பெண்ணுக்கு ஐம்பது சதவீதம் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் 2019-20-இல் ரயில்வே விட்டுக்கொடுத்தது சுமார் 1,667 கோடி ரூபாய். இது நிஜமான சலுகை. காசியோ திருச்செந்தூரோ போய் வந்த கிழவரின் சட்டைப்பையில் கை வைத்துப் பார்த்தால் மிச்சம் தெரியும். 2020 மார்ச் 20 அன்று, கொரோனாவைக் காரணம் காட்டி, வயசானவர்கள் ஊர் சுற்றக் கூடாது என்று அதை நிறுத்தினார்கள். கொரோனா போனது. ரயில் வந்தது. கூட்டம் வந்தது. சலுகை வரவில்லை. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலுமாவது திருப்பிக் கொடுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே கேட்டது. 2019-20-இல் பயணிகள் கட்டணத்துக்காக 59,837 கோடி மானியம் கொடுத்தோம், ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 53 சதவீதச் சலுகை அதிலேயே இருக்கிறது என்று ரயில்வே அமைச்சர் பதில் சொன்னார். அதாவது, இருபத்தைந்து வயசுப் பையனுக்கு என்ன கொடுத்தோமோ அதுவேதான் உமக்கும், போய் வாரும் தாத்தா.

பயணச் செலவில் 57 சதவீதத்தைத்தான் வசூலிக்கிறோம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துச் சொல்லிக்காட்டியது இதே ரயில்வே. சோறு போட்டுவிட்டு இலை ஓரத்தில் அரிசி விலையை எழுதி வைக்கிற வீட்டில் யார் கை நனைப்பார்கள்? அந்த நூற்றைம்பதையும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கலாம், நல்லவேளை தோன்றவில்லை. தோன்றினாலும் இந்தியில் அடித்திருப்பார்கள், அண்ணனுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தள்ளுபடி அறிவித்த எட்டாம் நாள், 2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. வந்தது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு அதுவரை பதினைந்து சதவீதமாக இருந்த வரி பதினெட்டானது. வயசானவனுக்குத்தான் பிரீமியம் அதிகம், ஆகவே வயசானவனுக்குத்தான் வரியும் அதிகம். நாற்பதாயிரம் பிரீமியம் கட்டுகிற தம்பதி வருஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு வரி கட்டினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல்தான் தனிநபர் பாலிசிக்கு அந்த வரியை எடுத்தார்கள். ஏறக்குறைய எட்டு வருஷம் மூன்று மாதம். ஒரு கையால் ஆயுளுக்கு ஒருமுறை நூற்றைம்பது, இன்னொரு கையால் வருஷா வருஷம் ஏழாயிரம். கிள்ளிக் கொடுத்து அள்ளி எடுப்பதற்கும் ஒரு கைத்திறன் வேண்டும்.

பரம ஏழை முதியோருக்கு டெல்லி தருகிற மாத ஓய்வூதியம் எண்பது வயசு ஆகும்வரை 200 ரூபாய். பதினைந்து வருஷத்துக்கு மேலாக அதே இருநூறு. தமிழ்நாடு தன் பணத்தைப் போட்டு 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ஆகக் கொடுக்கிறது. அந்தக் கிழவிக்கு பாஸ்போர்ட் எதற்கு என்று கேட்காதீர்கள். அவள் பேரன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கலாம். பார்க்க ஆசை இருக்கக் கூடாதா?

வெள்ளைக்காரன் ஊரில் 1929 செப்டம்பர் 2 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கு பாஸ்போர்ட் முழுக்க இலவசம், 2004-இலிருந்து. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பதினாறு வயசு நிறைந்திருந்தவர்கள் என்பது கணக்கு. புகழ்ந்து தள்ளிவிட வேண்டாம், அதுவும் கெட்டிக்காரத்தனம்தான்: புதிதாக யாரும் அந்த வரிசையில் சேர முடியாது, வருஷா வருஷம் ஆள் குறைந்துகொண்டே போகும், செலவு தானாகச் செத்துவிடும். ஆனாலும் அங்கே ஒரு காரணம் சொன்னார்கள். நீ போர்க்காலத்தில் வளர்ந்தாய், அதற்காக. எங்கள் அண்ணனுக்கு என்ன காரணம் சொன்னார்கள்? சட்டத்துக்கு ஐம்பது வயசு நிறைந்ததாம். பிறந்தநாள் சட்டத்துக்கு, கேக்கும் சட்டத்துக்கு. அவருக்குத் தட்டில் ஒட்டியிருந்த கிரீம்.

அமெரிக்க விசாவுக்கு அப்போது ஆளுக்கு 160 டாலர். இருவருக்கும் இருபதாயிரத்துக்கு மேல். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. மகள் கட்டினாள். இப்போது 185 டாலர். அமெரிக்காக்காரன் வயசுக்காக ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டான். குறைத்ததாக விழாவும் எடுக்க மாட்டான்.

அண்ணனும் அண்ணியும் இரண்டு முறை போய் வந்துவிட்டார்கள். 36 பக்கத்தில் முப்பது பக்கத்துக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிறது. 2027 ஆகஸ்டில் இரண்டு புத்தகமும் காலாவதி. மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள், முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள் என்று போனில் நச்சரிக்கிறாள். போன வாரம் மறுபடியும் ஓ.டி.க்குப் போனோம். சென்டர் அதே சென்டர். பையனுக்குத்தான் தொப்பை விழுந்திருக்கிறது, கூலி ஆளுக்கு நானூறு ஆகியிருக்கிறது.

அண்ணன் ஆதார், பான், பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். எல்லாவற்றிலும் இப்போது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. சட்டைப்பையில் 1,350-ஐத் தனியாக மடித்துக்கூட வைத்திருந்தார்.

“ஆயிரத்து ஐந்நூறு அங்கிள்.”

“சீனியர்டா நானு. நல்லாப் பாரு.”

“ரீ-இஷ்யூக்கு டிஸ்கவுண்ட் இல்ல அங்கிள். புதுசுக்குத்தான்.”

“புதுசு எடுக்கறப்ப வயசு பத்தலன்ன.”

“ஆமா.”

“இப்ப வயசு இருக்கு.”

“இருக்கு அங்கிள். ஆனா பாஸ்போர்ட் பழசு.”

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்தார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அப்ப நான் எப்பதான்டா சீனியர் ஆவறது?”

பையன் மவுஸை உருட்டி மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான். “அந்த ஆப்ஷன் வரல அங்கிள்.”